கூரைவரை மிதந்த செவ்வந்தி

"உன் கால் தரையில பட மாட்டேங்குது. இப்படி மிதந்துகிட்டே திரிஞ்சா குடும்பம் எப்படி நடக்கும்? நான் ஒருத்தன் எத்தனையத்தான் பார்க்கிறது?"

"பட்டா நடக்க மாட்டேனா?" என்று புருஷனைக் கேட்டாள் செவ்வந்தி, பரணைப் பிடித்தபடி.

மேகங்கள் இறங்கிவந்து தெருவில் படுத்துறங்கிய காலம் அது. முகில்துறை அரண்மனைக்கு விறகு வெட்டும் கொற்றனின் மனைவி இந்தச் செவ்வந்தி. கல்யாணத்தன்று கனமாகத்தான் இருந்தாள். பிறகு மிதந்தாள், மிதந்தாள், இன்னும் ஒரு சாண் மிதந்தாள்.

வைத்தியர் லேகியம் கொடுத்தார். மிதந்தாள். மந்திரவாதி தாயத்து கட்டினான். மிதந்தாள். மாமியார் அம்மிக்கல்லை இடுப்பில் கட்டினாள். அம்மியோடு மிதந்தாள்.

கூரையிலிருந்த காகம் சிரித்தது. "இது மேகராஜன் மந்திரம். துணையில்லாமல் சாப்பிடுகிறவளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்வான். கூரையைத் தாண்டினால் அவள் அவனுக்குத்தான்."

"துணையில்லாமலா? வீடு நிறைய ஆள் இருக்கோமே," என்றாள் மாமியார்.

"முதல் சோறு எனக்கு. அப்புறம் உன் பிள்ளைகளுக்கு. அப்புறம் உனக்கு. எல்லாரும் கைகழுவிய பிறகு அடுப்படியில் நின்றபடி பானையைச் சுரண்டுகிறாளே, அதை யார் பார்த்தீர்கள்?" என்றது காகம்.

யாரும் பார்த்ததில்லை. லேகியத்துக்கு மட்டும் மூன்று ஊர் அலைந்தார்கள்.

அன்று மத்தியானம் அவளுக்கும் இலை விழுந்தது. கொற்றன் அவளைக் கயிறு கட்டி இழுத்து உட்காரவைத்தான். ஒரு கவளம் உண்டாள். "யாருக்கு மோர்?" என்று எழுந்தாள். விட்டம்வரை போனாள். மறுபடி இழுத்தார்கள். "அப்பளம் எடுத்தாரேன்" என்று எழுந்தாள். கூரை ஓடு விலகியது. வெள்ளை விரல்கள் பஞ்சுபோல் உள்ளே நீண்டு அவள் கூந்தலைத் தொட்டன. பதறி இழுத்தார்கள். "உப்பு" என்று மூன்றாம் முறை வாயெடுத்ததுமே மாமியார் அவள் முந்தானையைத் தன் முழங்காலுக்கடியில் போட்டு அழுத்திக்கொண்டாள்.

"உட்காருடி. வேணுங்கிறவங்களுக்குக் கை இருக்கு."

செவ்வந்தி உட்கார்ந்தாள். கொழுந்தன் கரடி துரத்திய கதையைச் சொன்னான். கரடியை அவன்தான் துரத்தினானாம். சோற்றை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தாள். முதலில் கட்டைவிரல், பிறகு குதிகால், மெல்ல மெல்லச் சாணி மெழுகிய தரையின் குளிர்ச்சி அவள் பாதத்தில் ஏறியது. வெள்ளை விரல்கள் கரைந்து வாசலில் தூறலாக விழுந்தன.

அவள் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.

கொற்றன் இலைச் சோற்றில் குழி பறித்துக் காத்திருந்தான். "யாராவது எனக்குக் கொஞ்சம் ரசம் ஊத்துங்களேன்," என்றான்.