சுற்றிய சக்கரம்

மழையில் நடந்த பைக் பந்தயத்தில் சறுக்கி விழுந்து ஆரோன் செத்துப்போனான். மூன்றாம் நாள் அவனுடைய அக்கா ஜெசிந்தா காரணம் கேட்டுப் பட்டறைக்கு வந்தாள். அணி முதலாளி ரங்கபாஷ்யம் மெக்கானிக் இசக்கியைக் கைகாட்டினார்.

“பின்சக்கரம் லேசாச் சுத்தட்டும்னு விலை கூடின செராமிக் பேரிங் போடச் சொன்னேன். இவன் பழைய ஸ்டீல் பேரிங்கையே விட்டுட்டான். அது இறுகிப்போய்த்தான் உன் தம்பி விழுந்தான். டேய், தப்பு என்னுதுன்னு எழுதிக் கொடு!”

ஆரோன் இசக்கியோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன்.

“எழுதறேன் முதலாளி. ஒண்ணு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

உள்ளே போய், ஆரோன் பைக்கின் பின்சக்கரத்தையும், செராமிக் பேரிங் போட்ட இன்னொரு பைக்கின் சக்கரத்தையும் கழற்றி வந்தான். இரண்டையும் ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றிவிட்டான். இரண்டும் ஒரே மாதிரி சுற்றின.

“இதுல செராமிக் எது?”

“இதுதான்! எப்படி வழுக்கிக்கிட்டு ஓடுது பார்!”

“அது ஆரோன் வண்டிச் சக்கரம் முதலாளி. ஸ்டீல். இறுகியிருந்தா இப்படிச் சுத்துமா?”

அந்தச் சக்கரம் நின்றதும் ஜெசிந்தா அதன் டயரைத் தடவினாள். ஈரத் தரையைப் பிடிக்கும் ரப்பர் பட்டன் ஒன்றுகூட இல்லாமல் வழவழவென்று தேய்ந்திருந்தது.

“டயர் மாத்தணும்னு மூணு தரம் கேட்டேன்க்கா. செராமிக் போட்டாப் போதும்னுட்டார்,” என்றான் இசக்கி. “நான் வண்டியை வெளிய விட்டிருக்கக் கூடாது.”

ஜெசிந்தா அந்தச் சக்கரத்தைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள். இசக்கியும் பின்னாலேயே போனான்.