நனையக் கூடாத கார்டு

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று சலேத்தம்மாளுக்கு எப்போதும் ஒரு பதைப்பு. ஆரம்பிப்பாள், புதன்கிழமையா, வியாழக்கிழமையா என்று அங்கேயே நின்றுவிடுவாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒரு கிழமை மாறினாலும் யாராவது வந்து பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம். ஆகவே நாமே சொல்லிவிடுவோம். அது வியாழக்கிழமைதான்.

சலேத்தம்மாளின் புருஷன் கஸ்பார். அவன் தம்பிகள் சந்தியாகு, தொம்மை. சங்குமுனைக் கடற்கரையில் ஒரே வீட்டில் இருந்தார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போகிற பயிற்சி முடித்து, ஆளுக்கொரு டைவிங் கார்டு வாங்கியிருந்தார்கள். ஊரில் வேறு யாருக்கும் அது கிடையாது. கார்டின் பின்பக்கம் இரண்டு வரி இருந்தது. சலேத்தம்மாள் எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"கார்டு நனையக் கூடாது. கார்டு இல்லாமல் கடலில் முங்கக் கூடாது."

மூவரும் இரண்டையும் மதித்து நடந்தார்கள். கார்டைத் தண்ணீருக்கு மேலே ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் முங்குவார்கள். கரையிலிருந்து பார்ப்பவர்களுக்கு மூன்று கார்டுகள் தாமாகக் கடலில் உலாத்துவதுபோல இருக்கும். பன்னிரண்டு வருஷத்தில் அவர்கள் கண்ட ஆழம் ஒரு கை நீளம்.

"அண்ணே, இன்னும் ரெண்டு சாண் கீழே போனா சிப்பி தெரியும்போல."

"போகலாம்லே தொம்மை. முதல்ல கை நீளட்டும்."

இப்படி இருக்கையில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் மூழ்கிக் கிடந்த ஒரு லாஞ்சுப் படகைத் தூக்க ஒரு கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். ஒரு வருஷ வேலை. மூன்று மாதமாக வலையில் மீன் படவில்லை. சலேத்தம்மாள் வீட்டில் மத்தியானம் கஞ்சி, ராத்திரி அதே கஞ்சி. இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். திங்கட்கிழமைக்குள் பழைய கார்டைக் கொடுத்துப் புதுசாக மாற்றியிருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

வியாழக்கிழமை நாலு பேரும் கார்டு கொடுத்த ஆபீசுக்குப் போனார்கள். அங்கே கிளாடிஸ் என்று ஒரு பெண் இருந்தாள். நல்ல பெண்.

"மாத்திக்கலாம் அண்ணாச்சி. ஆனா கார்டு படத்துல இருக்கிறவரும் நீங்களும் ஒரே ஆள்தான்னு பார்த்தவுடனே தெரியணும்" என்றாள்.

படத்தில் கஸ்பாருக்கு அடர்ந்த சுருட்டை முடி. நேரில் வழுக்கை. வீட்டுக்கு வந்து மூவரும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"அண்ணனுக்கு முடி முளைக்கணும்" என்றான் சந்தியாகு.

"திங்கக்கிழமைக்குள்ள எப்படிலே முளைக்கும்?"

தொம்மை அண்ணனின் கார்டைக் கையில் எடுத்தான். "அண்ணனுக்கு முளைக்க வைக்க முடியாது. கார்டுல இருக்கிற அண்ணனுக்கு மொட்டை போடலாம்ல?"

கஸ்பார் எழுந்து தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

வேலை சலேத்தம்மாள் தலையில் விழுந்தது. பிளேடை எடுத்தாள். பயத்தில் அழுத்திச் சுரண்டிவிட்டாள். முடி போனது. கூடவே நெற்றி போனது. மூக்கும் வாயும் போயின. கடைசியில் இரண்டு காது மட்டும் நின்றது.

"ஐயோ, இங்கேருங்க, கெடுத்துட்டேனே!"

கஸ்பார் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தான். "எதுக்குட்டி அழுத? காது நானேதான்."

அண்ணனுக்கு மட்டும் நல்லது நடக்கலாமா என்று தம்பிகளும் கார்டை நீட்டினார்கள். "மதினி, எங்களுக்கும்."

வெள்ளிக்கிழமை கிளாடிஸ் மூன்று கார்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள்.

"இதை நான் எப்படி மாத்தித் தர்றது? இதுக்குத் தொலைஞ்சே போயிருந்தாக்கூட தேவலை. ஒரு மனு எழுதிக் கொடுத்தா முடிஞ்சிருக்கும்."

நாலு பேர் முகமும் மலர்ந்தது. ஆனால் தொலையாததைத் தொலைந்தது என்று பொய் எழுத அவர்களுக்கு மனசு வரவில்லை. யோக்கியமான குடும்பம். ஆகவே உண்மையாகவே தொலைத்துவிடுவது என்று முடிவானது. சாயங்காலம் படகில் ஏறிக் கடலுக்குள் போனார்கள்.

"நனையக் கூடாதுல்ல?" என்று ஞாபகப்படுத்தினாள் சலேத்தம்மாள். மூன்று கார்டையும் பாலித்தீன் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, கடலில் விட்டாள். பைக்குள் காற்று இருந்தது. அது மிதந்து, அலை தள்ள, படகின் பின்னாலேயே வந்தது.

"தொலைய மாட்டேங்குதே! இதுவரைக்கும் நல்லாத்தானே வச்சிருந்தோம், அந்தப் பாசம்போல" என்று சந்தியாகு கண்ணைத் துடைத்தான்.

ஒரு கல்லைக் கட்டி மறுபடி போட்டார்கள். பை மூழ்கியது. கஸ்பார் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏலே, இந்த இடத்துலதான் கிடக்குன்னு நமக்குத் தெரியுதே. தெரிஞ்ச பொருள் எப்படிலே தொலைஞ்சதாகும்?"

எல்லோருக்கும் அது பெரிய சங்கடமாக இருந்தது. ஆகவே இடத்தை மறப்பதற்காக, நாலு பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு படகை ஓட்டிவந்தார்கள். கரையில் நிறுத்தியிருந்த அடுத்தவர் படகில் முட்டிய பிறகுதான் கண்ணைத் திறந்தார்கள். நன்றாகத் தொலைந்துவிட்டது.

ஆபீசில் வாங்கிவந்த மனுத்தாளில் ஒரு கேள்வி இருந்தது: 'தேடிப் பார்த்தீர்களா?'

"தேடணுமே" என்றாள் சலேத்தம்மாள்.

"கார்டு இல்லாம முங்கக் கூடாதே" என்றான் தொம்மை.

அதனால் கரையில் தேடினார்கள். அரிசிப் பானைக்குள் பார்த்தார்கள். கோயில் மணிக்கூண்டில் ஏறிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரியை எழுந்திருக்கச் சொல்லி, அவள் உட்கார்ந்திருந்த பலகைக்கடியிலும் பார்த்தார்கள். எங்கும் இல்லை. 'எவ்வளவோ தேடினோம், தெய்வாதீனமாகக் கிடைக்கவில்லை' என்று எழுதினாள் சலேத்தம்மாள்.

சனிக்கிழமை மனுவை வாசித்த கிளாடிஸ் மேஜையில் கவிழ்ந்து சிரித்தாள். பிறகு கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, புது கார்டு தபால்ல வர ஒரு மாசம் ஆகும். ஆனா பயப்படாதீங்க. மூணு பேரோட கார்டு விவரமும் இந்தப் பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு. திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு கம்பெனிக்காரங்க எனக்குப் போன் பண்ணுவாங்க. நான் இதைப் பார்த்துச் சொல்லிடுவேன். கார்டு வர்ற வரைக்கும் அவங்களுக்கு அது போதும். வேலை உங்களுக்குத்தான்."

தம்பிகள் வாசலிலேயே ஆடினார்கள். சலேத்தம்மாள் மட்டும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று பேர் பிழைப்பும் ஒரே பெட்டியில். நாளை ஞாயிற்றுக்கிழமை, ஆபீசில் ஆளிருக்காது. கதவில் ஒரே ஒரு பூட்டு; அதுவும் சின்னது. எவனாவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால்?

சாயங்காலம் கிளாடிஸ் பூட்டிவிட்டுப் போனதும், சலேத்தம்மாள் கடைத்தெருவில் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டு வாங்கிவந்து, சின்னப் பூட்டுக்கு மேலே மாட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

திங்கட்கிழமை ஒன்பதே காலுக்கு சந்தியாகு மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"மதினி! ஆபீஸ் வாசல்ல அஞ்சாறு பேர் நின்னு கதவைப் போட்டு இடிக்கிறாங்க. உள்ளே போன் விடாம அடிக்குது. அந்தக் கிளாடிஸும் அவங்களோட சேர்ந்துக்கிட்டு பூட்டை உடைக்கக் கம்பி தேடுது!"

சலேத்தம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"பார்த்தீங்களா? நான் மட்டும் பூட்டாம விட்டிருந்தா?"

என்று சொல்லிவிட்டு, இன்னொரு பூட்டு வாங்கக் கடைத்தெருவுக்கு ஓடினாள்.