மடாதிபதி சாப்பிட்ட மீன்

பழைய இங்கிலாந்தில், கடலோர மடாலயம் ஒன்றின் பக்கத்தில் ஏவிஸ் என்றொரு கதைசொல்லி இருந்தாள். யாத்திரை போகிறவர்களுக்குக் கதை சொல்லிப் பிழைப்பவள். பெரிய மனிதர்களைப் புகழ்வதுதான் அவள் தொழில் என்று பெரிய மனிதர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

அவளிடம் கதை கற்க வந்தவன் ஆஸ்பர்ட். அவளைவிடப் பத்து வயது மூத்தவன், முன்கோபி. தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் காலையிலேயே மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“அம்மா, என் தம்பியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்!”

“ஹாமனையா? எதற்கு?”

“தவக்காலத்தில் கறி தின்றானாம். அவன் பெண்டாட்டி பிள்ளை பெற்று ஆறு நாள்தான் ஆகிறது, எழுந்து உட்காரத் தெம்பில்லை. கரையில் ஒரு கடல்வாத்தைப் பிடித்துச் சாறு வைத்துக் கொடுத்தான். மிச்சத்தை அவன் குடித்தான். நாளைக் காலையில் நாற்பது சவுக்கடி. அவன் இருக்கிற இருப்புக்குப் பத்து அடிகூடத் தாங்கமாட்டான்.”

“தீர்ப்புச் சொன்னது யார்?”

“வேறு யார், மடாதிபதிதான். வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் தின்பதும் அதே கடல்வாத்துதானே! தேன் தடவிச் சுட்டு வைக்கிறார்கள். கேட்டால், அது முட்டையிலிருந்து வரவில்லை, கடலில் மிதக்கிற மரத்தில் பிறந்தது, அதனால் மீன், தவக்காலத்தில் மீனுக்குத் தடையில்லை என்கிறார். படித்த வாய் அல்லவா! இப்போதே போய், வேஷக்காரா என்று முகத்துக்கு நேரே கேட்கப்போகிறேன்.”

“கேளும். நாளைக்குச் சவுக்கடி இரண்டு பேருக்கு.”

“பயந்து சும்மா இருக்கச் சொல்கிறீர்களா?”

“இன்று மதியம் மடாதிபதிக்கும் மேலான ஆயர் வருகிறார். விருந்தில் கதை சொல்ல என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீரும் கூட வாரும். ஆனால் வாயைத் திறக்கக்கூடாது.”

விருந்துக் கூடத்தில் நான்கு கடல்வாத்துகள் பொன்னிறமாக வந்து இறங்கின. ஆயர் தயங்கினார்.

“மீன்தான் ஆண்டவரே, தைரியமாகச் சாப்பிடுங்கள்” என்றார் மடாதிபதி.

ஆயருக்கும் பசி. ஒரு தொடையை எடுத்துக்கொண்டார்.

ஏவிஸ் எழுந்து கும்பிட்டாள்.

“சபையோரே, நம் மடாதிபதியின் கல்வியை என்னவென்று சொல்வேன்! வேதத்தில் வருகிற கானாவூர்க் கல்யாணத்தில் தண்ணீர் ஒரே ஒரு தடவைதான் திராட்சரசம் ஆயிற்று. இங்கேயோ வாரந்தோறும் வாத்து மீனாகிறது.”

மடாதிபதி பூரித்துப்போய்த் தலையாட்டினார். இரண்டு மூன்று துறவிகள் மட்டும் குனிந்து ரொட்டியைப் பார்த்தார்கள். ஆஸ்பர்ட்டுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தம்பி கீழே இருட்டறையில் கிடக்கிறான், இவள் இங்கே துதி பாடுகிறாளே!

“இப்பேர்ப்பட்ட ஞானி இருக்கிற ஊரில் ஒரு மடையனும் இருக்கிறான், ஆண்டவரே. ஹாமன் என்று பேர். இதே கரையில் இதே மீனைப் பிடித்துச் சாறு வைத்தான். என்ன தின்றாய் என்று சேவகர்கள் கேட்டதற்கு, வாத்து என்றானாம்! இப்போது கீழே அடைபட்டுக் கிடக்கிறான். பாவம், படிக்காதவன். அது மீன்தான் என்று நம் மடாதிபதி அவனுக்கும் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்தால் நாளைக்குச் சவுக்கடி வாங்காமல் பிழைத்துக்கொள்வான்.”

கும்பிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆயரின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. தட்டைப் பார்த்தார், மடாதிபதியைப் பார்த்தார்.

“என்ன மடாதிபதியாரே, நான் சாப்பிட்டது மீன்தானே?”

மடாதிபதிக்கு வியர்த்தது. “மீன்தான் ஆண்டவரே.”

“அப்படியானால் மீன் தின்றவனை எதற்கு அடைத்து வைத்திருக்கிறீர்?”

சாப்பாடு முடிவதற்குள் ஹாமன் வெளியே வந்துவிட்டான். மடாலய வாசலில் அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்டு அழுதார்கள். தம்பியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆஸ்பர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

“அம்மா, ஒன்று கேட்கலாமா? அவரை நீங்கள் புகழ்ந்தீர்களா, பழித்தீர்களா?”

அவள் பதில் சொல்லுமுன் மடாலயத்துக் காரியக்காரர் வேகவேகமாக வந்து சேர்ந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அந்த மீன் கதையை இனிமேல் எங்கேயும் சொல்லக்கூடாது என்கிறார் மடாதிபதி. சொல்லாமல் இருந்தால் உனக்கு ஒரு வீடு. குளிர்காலத்துக்கு வேண்டிய விறகும் உண்டு.”

ஏவிஸ் தலை நிமிர்ந்து நின்றாள்.

“அவருக்குத்தான் என்ன அடக்கம், ஐயா! இவ்வளவு பெரிய புகழை நான் மறைத்து வைத்தால் எனக்கல்லவா பாவம்? கோடை முடிவதற்குள் இங்கிலாந்து முழுக்கச் சொல்லிவிடுகிறேன் என்று அவரிடம் சொல்லும்.”