நந்தியின் மூக்கின் மேல் ஒரு பந்தயம்

முன்னொரு காலத்தில், ஆற்றை நம்பிப் பிழைத்த ஒரு நாட்டில், யாராவது அழுதால் தலைவலி வந்துவிடுகிற அரசர் ஒருவர் இருந்தார். கெட்டவர் இல்லை. வீணை கேட்பார், வேடிக்கைப் பேச்சுக்கு வயிறு குலுங்கச் சிரிப்பார், சாப்பிடும்போது பக்கத்தில் நாலு பேர் இருக்க வேண்டும் என்பார். அழுகைச் சத்தம் மட்டும் அவருக்கு ஆகாது.

அந்த நாட்டு ஆறோ சில வருடங்களுக்கு ஒரு முறை ஐப்பசி, கார்த்திகையில் கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வரும். வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் கூரைக் கீற்று புளியமரக் கிளையில் தொங்கும். விதைநெல் மூட்டைக்குள்ளேயே முளை விட்டிருக்கும். சனங்கள் திரண்டு அரண்மனை வாசலுக்கு வருவார்கள். களஞ்சிய அதிகாரி வில்லவராயர் ஆட்களை அனுப்பி, யார் வீடு எவ்வளவு போயிற்று, விழுந்த சுவர் வெள்ளத்தில் விழுந்ததா அல்லது முன்பே விழுந்து கிடந்ததா என்று விசாரிப்பார். விசாரணை முடிந்து நெல் வெளியே வருவதற்குள் விதைப்புக் காலம் போய்விடும். உழவன் மாட்டைப் பாதி விலைக்கு விற்றிருப்பான். காலியான களஞ்சியத்தை நிரப்ப அவனிடமே புது வரியும் கேட்பார்கள்.

அப்படி ஒரு வெள்ளம் வந்து போன மார்கழியில், வாசலில் எழுந்த அழுகை வீணைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அரசர் சபையில் ஆசனத்தின் மேல் கையை ஓங்கி அடித்துச் சொன்னார்:

"போதும்! இனி வெள்ளம் வந்த பிறகு என் களஞ்சியத்திலிருந்து வெள்ளத்துக்கென்று ஒரு நெல்மணியும் வெளியே போகக் கூடாது. புது வரியும் கூடாது. பசி என்று சொல்லி ஒருவரும் என் வாசலில் வந்து அழவும் கூடாது. இம்மூன்றையும் நடத்திக் காட்டுபவர் யார்?"

வில்லவராயர் மெல்ல எழுந்தார். அரசரின் விகடர் சேந்தனை அவருக்குக் கண்டாலே ஆகாது. தாம் பத்து நாள் யோசித்துச் சொன்னாலும் கொட்டாவி விடுகிற அரசர், சேந்தன் வாயைத் திறந்தால் நிமிர்ந்து உட்காருகிறாரே என்ற வயிற்றெரிச்சல்.

"நடக்காததை நடத்துவதற்குத்தானே அரசே, நம்மிடம் விகடர் இருக்கிறார்," என்றார் வில்லவராயர். "அவரிடமே ஒப்படைக்கலாம்."

சேந்தன் குட்டையான ஆள். எழுந்தாலும் உட்கார்ந்தாலும் வித்தியாசம் தெரியாது என்று சபையில் கேலி செய்வார்கள். அவன் எழுந்து கும்பிட்டான்.

"அரசே, ஒரே ஒரு விளக்கம். வெள்ளம் வந்த பிறகு ஒரு மணியும் போகக் கூடாது என்றீர்கள். வருவதற்கு முன்னால் போகலாமா?"

"வருவதற்கு முன்னால் எவன் கேட்பான்?"

"நான் கேட்பேன். ஆண்டுதோறும் தை அறுவடையில் கொஞ்சம். யாரும் அழாத காலத்தில்."

அரசர் சிரித்துவிட்டார். "முன்னால் எவ்வளவு போனால் எனக்கென்ன? நூறு வண்டி எடுத்துக்கொள். பின்னால் கேட்டால்தான் தலை போகும்."

சேந்தன் அந்த நூறு வண்டியில் பெரும்பங்கை ஆற்றோர ஊர்களுக்கு அனுப்பி, மேடான இடமாகப் பார்த்துக் குதிர்கள் கட்டி நிரப்பினான். சாவி அந்தந்த ஊராரிடம். சின்ன வெள்ளம் என்றால் அவர்களே திறந்து, அவர்களே பங்கிட்டு, அவர்களே தின்று கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் பெரிய வெள்ளத்துக்கு அது எந்த மூலைக்கு? அவ்வளவு நெல்லை வருடக் கணக்கில் குவித்து வைத்தால் எலியும் வில்லவராயரும்தான் தின்பார்கள் என்று சேந்தனுக்குத் தெரியும். மிச்ச வண்டிகளை ஓட்டிக்கொண்டு மலைநாட்டுக்குப் போனான்.

மலைநாட்டை ஆண்டவள் அரசி கோதைநாயகி. கிடாச் சண்டையில் பந்தயம் கட்டுவதில் பேர் போனவள். தோற்ற பந்தயத்தை அன்றைக்கே தீர்த்துவிடுவாள் என்றும் பேர். சேந்தன் விஷயத்தைச் சொன்னான். வருடா வருடம் தையில் இத்தனை வண்டி நெல் அவளுக்கு. பெருவெள்ளம் வந்தால் வண்டிக்குப் பத்து வண்டியாக அவள் திருப்பித் தர வேண்டும்.

"பெருவெள்ளம் என்று யார் சொல்வது? உன் நாட்டு அதிகாரிகளா?" என்றாள் அரசி. "ஒரு குடம் கவிழ்ந்தாலும் வெள்ளம் என்பார்களே!"

"அதிகாரிகள் வேண்டாம், தாயே. எங்கள் படித்துறை மண்டபத்தில் ஒரு கல் நந்தி உண்டு. வழக்கமான வெள்ளம் அதன் காலோடு போய்விடும். மூக்கு நனைந்தால் நாடு போயிற்று என்று பொருள். மழைக்காலம் முழுக்க உங்கள் ஆள் ஒருவர் அங்கே உட்காரட்டும். மூக்கு நனைந்தால் வண்டிகள் புறப்பட வேண்டும். யார் சுவர் விழுந்தது என்று ஒரு கேள்வியும் கூடாது. நனையாவிட்டால் எங்கள் நாடே அழுதாலும் நீங்கள் ஒரு மணியும் தர வேண்டாம்."

அரசி ஆளனுப்பிப் படகோட்டிக் கிழவர்களிடம் விசாரித்தாள். பதினைந்து வருடத்துக்கு ஒரு தரம் மூக்கு நனையும் போலிருந்தது.

"நல்ல கணக்கில்லையே உனக்கு," என்றாள். "பத்து மடங்கு கொடுத்தாலும் லாபம் எனக்குத்தான்."

"இருக்கட்டும் தாயே. லாபம் இல்லாமல் நீங்கள் ஏன் இதில் இறங்கப் போகிறீர்கள்? லாபம் வருகிற வருடங்களெல்லாம் உங்களுடையவை. அந்த ஒரு வருடம் மட்டும் எங்களுக்கு."

பந்தயம் படிந்தது.

பிறகு மூன்று மழைக்காலம் ஆறு சாதுவாக ஓடிற்று. மூன்று தையும் மலைநாட்டுக்கு வண்டிகள் போயின. நாலாவது ஐப்பசி பிறந்தபோது வில்லவராயருக்கு விஷயம் எட்டிவிட்டது. நேரே சபைக்கு வந்தார்.

"அரசே, தங்கள் விகடர் வேற்று நாட்டு அரசியோடு பந்தயம் கட்டியிருக்கிறார். எதன் மேல் தெரியுமா? நம் நாடு மூழ்கும் என்பதன் மேல்! மூழ்கினால் அவருக்கு வெற்றி. மூழ்கவில்லை, ஆகவே நம் நெல் மூன்று வருடமாக மலையேறிப் போய்க்கொண்டிருக்கிறது."

அரசரின் முகம் சிவந்தது. "சேந்தா, உண்மையா?"

"உண்மை, அரசே."

"மூன்று வருட நெல்லுக்கு எனக்கு என்ன கிடைத்தது?"

"கோட்டைக் காவலருக்கும் மூன்று வருடம் சம்பளம் கொடுத்தீர்கள், அரசே. பகைவர் வரவில்லை. சம்பளத்தைத் திருப்பிக் கேட்போமா?"

வேறு நாளாக இருந்தால் அரசர் சிரித்திருப்பார். அன்று சிரிக்கவில்லை. தம் நாட்டின் அழிவின் மேல் ஒருவன் பந்தயம் கட்டினான் என்பது அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

"இவனைச் சிறையில் வையுங்கள். தை பிறப்பதற்குள் மலைநாட்டிலிருந்து என் நெல் திரும்பி வந்தால் பிழைத்தான். வராவிட்டால் இவன் தலை இருக்காது."

சிறையின் சாளரத்திலிருந்து ஆறு தெரிந்தது. காவலுக்கு இருந்தவன் கட்டாரி. ஆற்றங்கரை ஊர்க்காரன். ஒரு பகல் மழை பிடித்துக்கொண்டது. கட்டாரி கூழைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"ஐயா, ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேள். கோபித்துக்கொண்டு நான் எங்கே போகப் போகிறேன்?"

"நீங்க பிழைக்கணும்னா நந்தி மூக்கு நனையணும். அது நனைஞ்சா எங்க ஊரு போச்சு. நான் என்னன்னு சாமி கும்பிடறது?"

"உன் ஊருக்காகக் கும்பிடு. என்னையும் சேர்த்தால் சாமிக்குக் குழப்பமாகிவிடும்."

"நீங்க என்ன வேண்டிக்கிட்டீங்க?"

சேந்தன் ஒரு வேடிக்கையான பதிலைத் தேடினான். வாய்க்கு வரவில்லை. வாழ்க்கையில் அப்படி ஆனது அதுதான் முதல் தடவை. மழை வரட்டும் என்று நினைத்தால் கட்டாரியின் வீட்டுக் கூரை கண்ணுக்கு முன் மிதந்தது. வரவேண்டாம் என்று நினைத்தால் பிடரி கூசிற்று.

"இன்னும் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை," என்றான். அது உண்மைதான். பிறகு, "உன் வீட்டு மாடுகன்றுகளை இப்போதே மேட்டுக்கு ஓட்டிவிடச் சொல்," என்றான்.

"அப்ப நிச்சயமா முங்கும்னு சொல்றீங்களா?"

"எனக்கென்ன தெரியும்? தெரிந்தால் பந்தயமே எதற்கு, கட்டாரி? அந்த வருடம் மட்டும் வண்டி அனுப்பினால் போதாதா?"

கார்த்திகை நடுவில் ஆறு கரையை உடைத்தது. முதலில் நந்தியின் கால் மறைந்தது. பிறகு மார்பு. மறுநாள் உச்சி வேளையில் செம்மண் தண்ணீர் அதன் மூக்கைத் தொட்டது. மண்டபத்து மேல்படியில் ஓலைக்குடையோடு உட்கார்ந்திருந்த மலைநாட்டு ஆள் எட்டிப் பார்த்தான். ஒரு தரத்துக்கு இரண்டு தரமாகப் பார்த்தான். நந்தியைக் கும்பிட்டுவிட்டு மேட்டுப் பாதையில் குதிரையைத் தட்டிவிட்டான்.

ஊர்கள் மூழ்கின. சனங்கள் மேட்டுக்கு ஏறினார்கள். ஊர்க் குதிர்களைத் திறந்து பொங்கித் தின்றார்கள். குதிர்களில் அடிநெல் தெரிய ஆரம்பித்தபோது மலைச்சரிவில் மணிச்சத்தம் கேட்டது. வண்டிகள். ஒன்றின் பின் ஒன்றாக, வால் தெரியாத வரிசை.

கோட்டை வாசலில் வில்லவராயர் வழிமறித்தார். "எல்லாம் களஞ்சியத்துக்குப் போகட்டும். முதலில் அளக்க வேண்டும். பிறகு யார் யாருக்கு என்ன சேதம் என்று விசாரித்து, முறைப்படி..."

அரசரும் வந்துவிட்டார். இத்தனை நெல்லை ஒருசேர அவர் பார்த்ததில்லை. "ஆமாம், உள்ளே விடுங்கள்! சேந்தனையும் விடுதலை செய்து அழைத்து வாருங்கள். பந்தயத்தில் வென்றுவிட்டான் பாவி!"

சேந்தன் தாடியும் மீசையுமாக வந்து முதல் வண்டியின் முன்னால் நின்றான். மாடு அவன் தோளை முகர்ந்தது.

"அரசே, இந்த வண்டிகள் உள்ளே போகக் கூடாது."

"ஏன்?"

"தங்கள் ஆணை. வெள்ளம் வந்த பிறகு களஞ்சியத்திலிருந்து வெள்ளத்துக்கென்று ஒரு நெல்மணியும் வெளியே போகக் கூடாது. வெள்ளம் வந்தாயிற்று. இந்த நெல் வாசலைத் தாண்டி உள்ளே போனால் களஞ்சிய நெல் ஆகிவிடும். பிறகு ஒரு மணி வெளியே வந்தாலும் அரச வாக்குப் பொய்யாகும். வராவிட்டால் சனங்கள் இதே வாசலில் வந்து அழுவார்கள். அதுவும் கூடாது என்பது தங்கள் ஆணைதான். வில்லவராயர் தங்கள் வாக்கில் எதை உடைக்கச் சொல்கிறார் என்று கேளுங்கள்."

அரசர் வில்லவராயரைப் பார்த்தார். வில்லவராயர் மாட்டைப் பார்த்தார்.

"நான்... அளந்து பார்க்கலாம் என்றுதான்..." என்று இழுத்தார்.

"மேட்டில் அளக்கட்டும், அரசே," என்றான் சேந்தன். "பசித்தவன் கையில் படி இருந்தால் அளவு பிசகாது."

அரசரின் வயிறு முதலில் குலுங்கிற்று. பிறகு தோள். பிறகு வாசல் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். வண்டிகள் கோட்டையைத் தொடாமல் வளைந்து ஊர்களுக்குப் போயின. நீர் வடிந்ததும் விதைநெல் கையில் இருந்தது, மாடும் கட்டுத்தறியில் இருந்தது. புது வரி என்ற பேச்சே எழவில்லை.

அரசர் தம் முத்துமாலையைக் கழற்றிச் சேந்தன் கழுத்தில் போட்டார். "வேறென்ன வேண்டும்?"

"தை பிறக்கப் போகிறது, அரசே. மலைநாட்டுக்கு வண்டி போக வேண்டும்."

வில்லவராயரால் பொறுக்க முடியவில்லை. "இன்னுமா? வெள்ளம்தான் வந்து போய்விட்டதே! இனிப் பதினைந்து வருடத்துக்கு வராது."

"ஆறு ஒன்றும் விரல் விட்டு எண்ணிக்கொண்டு வருவதில்லை, வில்லவராயரே," என்றான் சேந்தன். "தவிர, தோற்ற பிறகு அரசி விலையை ஏற்றுவாள். ஒன்றுக்கு இரண்டு கேட்பாள். எனக்குப் பேரம் பேச வராது. இந்த நாட்டிலேயே ஒரு மணி நெல்லை விடுவதற்கு மனம் வராதவர் ஒருவர்தான் இருக்கிறார். அவரை அனுப்புங்கள்."

அந்தத் தையில் வில்லவராயர் வண்டிகளோடு மலையேறினார். அரசி இரண்டு பங்கு கேட்டாள். அவர் முழுதாக ஏழு நாள் உட்கார்ந்து வாதாடினார். நந்தியின் மூக்கு முழுதும் நனையவில்லை, நுனிதான் நனைந்தது என்றார். மலைநாட்டு மாடுகள் வழியில் தின்ற வைக்கோலுக்குக் கழிவு கேட்டார். கடைசியில் அரசி காதைப் பொத்திக்கொண்டு, பழைய பங்குக்கு மேல் இரண்டே வண்டியோடு விட்டுவிட்டாள். கூடவே ஓர் ஓலையும் கொடுத்தனுப்பினாள்: 'அடுத்த தடவை விகடரையே அனுப்புங்கள். இந்த மனிதரைப் பார்த்தால் வெள்ளமே தேவலை போலிருக்கிறது.'

சபையில் அதைச் சேந்தன் படித்துக் காட்டியபோது அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது. வில்லவராயருக்கும் ஒரு முத்துமாலை கொடுத்தார். வாங்கிக்கொண்ட வில்லவராயர் அங்கேயே நின்று முத்துக்களை எண்ண ஆரம்பித்தார்.