முதல் மிதி

"என்கிட்ட என்ன குறையைக் கண்டீங்க அம்மா?" என்று கேட்டார் கனகசபை.

மலைச்சரிவில் இருந்த அந்த ஆசிரமத்தில் அவர்தான் மூத்த சீடர். வங்கி வேலையை விட்டுவிட்டு வந்தபோது தன் காரையும் ஆசிரமத்துக்கே கொடுத்தவர். குரு வஞ்சியம்மை அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் எல்லோருக்கும் அம்மாதான். அம்மா எங்கே போனாலும் கனகசபைதான் வண்டி ஓட்டுவார்.

அப்படித்தான் இருந்தது, நந்தகோபன் வந்து சேரும்வரை. நாற்பது வயதுக்காரன், சிரித்த முகம். போன வாரம் அம்மா அவனை ஓட்டச் சொல்லிக் கடைத்தெருவுக்குப் போய்வந்தார். அன்றிலிருந்து கனகசபைக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"முன் சக்கரத்துல கரகரன்னு சத்தம் வருது. பிரேக் மிதிச்சா வண்டி தள்ளிப் போய்த்தான் நிக்குது. நந்தகோபனைப் பார்க்கச் சொல்லியிருக்கேன்."

"அவனுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"உங்களுக்குத் தெரியுமே. கூட இருங்க."

கனகசபை கூட இருந்தார். கார் கொட்டகைத் தூணில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு.

சத்தம் எதனால் என்று அவன் தப்பாகச் சொல்லுவான் என்று எதிர்பார்த்தார். அவனோ சக்கரத்தைக் கழற்றி, குனிந்து பார்த்து, பிரேக் பேடு தேய்ந்து இரும்பு இரும்போடு உரசுகிறது என்று சரியாகவே சொன்னான்.

இடது பக்கம்தான் அதிகம் தேய்ந்திருந்தது. அந்தப் பக்கத்துக்கு மட்டும் பேடு வாங்கி வருவான், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொள்வான் என்று காத்திருந்தார். பாவி, இரண்டு பக்கத்துக்கும் வாங்கி வந்துவிட்டான்.

புதுப் பேடு தடிமனாக இருந்ததால் உள்ளே நுழையவில்லை. இப்போதாவது திணறுவான் என்று பார்த்தார். அவன் பேடை அழுத்தும் பிஸ்டனை மெல்ல அமுக்கி உள்ளே தள்ளி, இடம் பண்ணி, இரண்டு பக்கமும் பேடுகளைப் பொருத்திவிட்டான்.

நடுநடுவே, "சரியா இருக்காண்ணே?" என்று கேட்டுக்கொண்டான். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

சக்கரங்களை மாட்டி, ஜாக்கியை இறக்கி, நந்தகோபன் கை கழுவப் போனான்.

கனகசபை நிமிர்ந்து நின்றார்.

அவன் ஒன்றை மறந்துவிட்டான். உள்ளே தள்ளிய பிஸ்டன் தானாகத் திரும்பி வராது. வண்டியை எடுப்பதற்கு முன்னால் பிரேக்கை நாலைந்து தடவை மிதித்து, அது கெட்டியாகும்வரை பார்க்க வேண்டும். மிதிக்காமல் எடுத்தால், முதல் மிதி வெறும் மிதி. வண்டி நிற்காது.

கொட்டகைக்கு எதிரே இறக்கம். இறக்கத்தின் முடிவில் தண்ணீர்த் தொட்டி.

தொட்டியில் போய் முட்டட்டும் என்று நினைத்தார். முகப்பு நசுங்கும், அவ்வளவுதான். அவனே வெளியே எடுத்து வைத்த பிறகுதானே அம்மா வந்து ஏறப்போகிறார். ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் மனம் குளிர்ந்தது.

நந்தகோபன் வந்து சாவியை எடுத்தான். "முடிஞ்சுதுண்ணே. வெளிய எடுத்துரட்டுமா?"

"எடு," என்றார் கனகசபை.

அப்போது பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை.

"சாவியை அவர்கிட்டக் குடு."

கனகசபைக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. தொட்டி, பிஸ்டன் எல்லாம் அந்த நிமிடம் மறந்தே போயிற்று. சாவியை வாங்கிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி போய் உட்கார்ந்தார். அம்மா முன்கதவைத் திறந்து பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

சாவியைத் திருப்பும் முன்பே அவர் கால் பிரேக்குக்குப் போனது. இத்தனை வருடப் பழக்கம், அவரைக் கேட்கவில்லை.

முதல் மிதியில் பிரேக் தரைவரைக்கும் இறங்கியது. மறுபடி மிதித்தார். மறுபடியும். கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கடைசியில் காலடியில் கல்லாக நின்றது.

அதற்குப் பிறகுதான் தன் கால் என்ன செய்துவிட்டது என்று அவருக்கு உறைத்தது.

வெளியே நின்ற நந்தகோபன் ஜன்னல் வழியாகக் குனிந்தான். "எதுக்குண்ணே அப்படி மிதிச்சீங்க?"

கனகசபை எதிரே பார்த்தார். தொட்டியடியில் இரண்டு பெண்கள் குத்தவைத்துப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மிதிக்காம எடுத்தா... நிக்காது."

நந்தகோபன் முகம் வெளுத்துவிட்டது. அவனும் தொட்டியைத்தான் பார்த்தான். பிறகு ஜன்னலுக்குள் கையை விட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கு அது தெரியாதுண்ணே. நல்லவேளை, நீங்க இருந்தீங்க. ரொம்ப நன்றிண்ணே."

கனகசபையால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அம்மா பக்கம் திரும்பினார்.

அம்மா நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நன்றி சொல்றான் பாருங்க," என்றார். "வாங்கிக்கோங்க."