காலி மூசை

ஏழாவது தடவையும் தோற்றுவிட்டுச் சிகாமணி வந்து நின்றார். கையில் ஆய்வகம் கொடுத்த சீட்டு. மெஹருன்னிசா அதை வாங்கிப் பார்க்கவில்லை. அவர் நின்ற நிலையே போதுமாக இருந்தது.

“எவ்வளவு?”

“அறுபத்திரெண்டு மேடம்.”

பத்து லட்சம் பங்கு பொடியில் இரும்பு இருபது பங்கைத் தாண்டக் கூடாது. அதுதான் கணக்கு.

சிகாமணிக்கு ஐம்பத்து மூன்று வயது. வாஷ்பேசின் செய்கிற தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் சூளை பார்த்தவர். அதை மூடிவிட்டார்கள். இந்தப் பொடி ஆலைக்கு வந்தார். இங்கே உலைக்குப் பொறுப்பான மெஹருன்னிசா அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். “எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு வெச்சுக்கிட்டுச் சொல்லிக் குடுங்க மேடம்” என்று முதல் நாளே சிகாமணி சொல்லிவிட்டார். அந்த வயதில் அப்படிக் கேட்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

வேலை, வாயால் சொல்லச் சுலபம். அலுமினா மாவையும் கரித்தூளையும் கலந்து, மூசை என்கிற கறுப்புக் கிராஃபைட் பாத்திரத்தில் இட்டு, நைட்ரஜன் வாயுவில் ஆயிரத்து எழுநூறு டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். அலுமினாவில் இருக்கும் ஆக்சிஜனைக் கரி பறித்துக்கொண்டு போய்விடும். அந்த இடத்தில் நைட்ரஜன் வந்து உட்காரும். மிச்சக் கரியைக் காற்றில் எரித்துவிட்டால் வெள்ளைப் பொடி நிற்கும். கம்ப்யூட்டர் சில்லுகளுக்கு அடியில் வைக்கிற தகடுகளை அதில்தான் செய்கிறார்கள்.

உலையை ஒரு தடவை ஏற்றி இறக்க மூன்று நாள். சிகாமணிக்கு எட்டுத் தடவை கொடுத்திருந்தார்கள். எட்டில் ஒன்றாவது தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

“அலுமினாவை மாத்தினேன். கரியை மாத்தினேன். கேஸ் சிலிண்டரையும் மாத்தியாச்சு. உள்ள போற எதுலயும் இரும்பு இல்லன்னு லேப்ல எழுதியே குடுக்கறாங்க. வெளிய வரும்போது மட்டும் இருக்கு. எங்கேருந்து மேடம் வருது?”

மெஹருன்னிசா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் அலுத்துப் போயிருந்தது.

“அடுத்த தடவை மூசையைக் காலியா வைங்க.”

“காலியான்னா?”

“உள்ள ஒண்ணும் போடாதீங்க. மத்ததெல்லாம் எப்பவும் செய்யற மாதிரியே செய்யுங்க. ஒண்ணுகூட விடக் கூடாது.”

“அது எட்டாவது தடவை மேடம்.”

“தெரியும்.”

“கடைசித் தடவை.”

“அதுவும் தெரியும்ணே.”

சிகாமணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வெறும் சட்டியை அடுப்பில் ஏற்று என்கிறார்களே, இதற்கா ஆறு மாதம் கைகட்டி நின்றோம் என்று நினைத்தார். சீட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை கலவை மூட்டை அவருக்கு எதிரிலேயே இருந்தது. போட்டுவிடலாமா என்று வெகுநேரம் நின்றார். போட்டால் மறுபடியும் அறுபது சொச்சம்தான் வரும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. எப்போதும் செய்வதை எல்லாம் ஒழுங்காகச் செய்து, காலி மூசையை உலைக்குள் வைத்து மூடினார்.

மூன்று நாளும் மீட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எதிர்பார்க்க ஒன்றுமில்லை. டீ கொண்டுவந்த பெண், “என்னண்ணே வேகுது?” என்று கேட்டாள். டம்ளரை வாங்கிக்கொண்டார்.

உலை ஆறியதும் மெஹருன்னிசா மூசைக்குள் கொஞ்சம் அமிலம் ஊற்றிச் சுழற்றினார். அதை ஒரு குப்பியில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். மறுநாள் சீட்டு வந்தது. அதைச் சிகாமணியிடமே நீட்டினார்.

“ஒண்ணுமே வேகல மேடம். ஆனா இரும்பு அப்படியே இருக்கு.”

“உக்காருங்க. திங்கட்கிழமை வந்ததுலேருந்து என்னென்ன செஞ்சீங்கன்னு வரிசையா சொல்லுங்க.”

“ஏழு மணிக்கு வந்தேன். கை கழுவினேன். கிளவுஸ் போட்டேன். மூசையை எடுத்து, கம்பி பிரஷ்ஷால நல்லா...”

பாதியில் நிறுத்தித் தன் வலது கையைக் குனிந்து பார்த்தார்.

பழைய தொழிற்சாலையில் ஒவ்வொரு சூளைக்குப் பிறகும் பேசின்களை அடுக்கும் தட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டித் தேய்க்க வேண்டும். தேய்க்காவிட்டால் வழிந்த பூச்சில் அடுத்த பேசின் ஒட்டிக்கொள்ளும். இருபத்தாறு வருடம் அந்தக் கை அதைச் செய்திருக்கிறது. இங்கே யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருந்தது. கறுப்பு மூசையில் இரும்புக் கம்பியின் தூள் கண்ணுக்குத் தெரியாது. முதல் தடவை வந்தது முப்பத்தொன்று. அடுத்ததற்கு இன்னும் அழுத்தித் தேய்த்தார். நாற்பது வந்தது. தோற்கத் தோற்க அதிக நேரம் தேய்த்தார்.

எழுந்து போய் பிரஷ்ஷைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். வெட்கமாக இருந்தது. அழுகை வந்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

“எட்டும் முடிஞ்சுபோச்சு. கிளம்பறேன் மேடம்.”

“வர்ற வியாழக்கிழமை உலை என் முறை. நீங்க ஏத்துங்க. மேனேஜர் ஒத்துக்கிட்டார்.”

“உங்க வேலை?”

“மூணு மாசமா காத்திருக்கு. இன்னும் கொஞ்சம் காத்திருக்கும்.”

சிகாமணி வாசல்வரை போனார். திரும்பினார். கேட்காமல் போக முடியவில்லை.

“ஏழு தடவையும் நான் தேய்க்கும்போது நீங்க எதிர்ல இதே மேஜையிலதான் இருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்?”

மெஹருன்னிசா பிரஷ்ஷையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பார்த்துக்கிட்டுதான் இருந்தேண்ணே. இந்த மனுஷன் இவ்வளவு பாடுபட்டுத் தேய்க்கிறாரே, மூசையில மட்டும் குத்தம் இருக்காதுன்னு, நானும் மத்த இடத்துல எல்லாம் தேடிக்கிட்டிருந்தேன்.”