பதினான்காம் எண் கிணறு

“ஊருக்குள்ளயே விட மாட்டேங்கறாங்க மேடம்,” என்றார் பேராசிரியர் குணசீலன்.

கூளிப்பட்டியைப் பல்கலைக்கழகம் தத்தெடுத்து ஆறு வருடம் ஆகிறது. தத்தெடுத்தது என்றால், ஊர் எல்லையில் பெயர்ப்பலகை வைத்தது. குணசீலனின் மாணவர்கள் மாதம் தவறாமல் போய்க் கிணறு கிணறாக ஆய்வுக்குத் தண்ணீர் பிடித்து வந்தார்கள். இப்போது எல்லா வீட்டிலும் கதவைச் சாத்துகிறார்கள். காரணம் கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

அந்த மேடம், ஓய்வுபெற்ற தில்லைநாயகி, ஒருகாலத்தில் குணசீலனுக்கு ஆய்வு நெறியாளர். அதிகம் பேசாதவர்.

“அந்த ஊர்ல யார் வீட்டுலயாவது ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கியா?”

இல்லை. மாணவர்களும் குடித்ததில்லை. குடிக்க ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொண்டுபோக வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பான உத்தரவு.

“போய்க் கேட்டு வாங்கிக் குடி. அப்புறம் வா.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தில்லைநாயகி எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் குணசீலன் கூளிப்பட்டியின் முதல் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்டார்.

அந்த வீட்டு மாதம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆறு வருடமாக அவள் நீட்டி, வேண்டாம் என்று திரும்பி வந்த சொம்பு அது. புளி போட்டுத் தேய்த்து, தளும்பத் தளும்பக் கொண்டுவந்தாள்.

அவள் மகள் சுவரைப் பிடித்தபடி வந்து எட்டிப் பார்த்தாள். பத்து வயது. முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் வில்லாக வளைந்திருந்தன.

குணசீலன் சொம்பை வாய்வரை கொண்டுபோனார். அந்தத் தெருவுக்கு ஒரே கிணறு. அவருடைய வரைபடத்தில் அதற்கு எண் பதினான்கு.

சொம்பைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். தண்ணீரில் ஃபுளோரைடு அளவுக்கு மீறி இருக்கிறது, பிள்ளைகளின் எலும்பை வளைத்துவிடும். முதல் வருடமே தெரியும். அதைப் பற்றி மூன்று கட்டுரைகள் எழுதியாகிவிட்டது. ஊரில் சொல்வதும் தன் வேலைதான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மாதம்மா மகளின் கால்களைப் பார்த்தாள். முதல் வருடம் அந்தப் பிள்ளைக்கு நாலு வயது. தெருவெல்லாம் ஓடிக்கொண்டிருந்தாள்.

“நாங்க என்ன சாதின்னு தெரிஞ்சுதான் எங்க கையால தண்ணி வாங்க மாட்டேங்கறீங்கன்னு நெனச்சோம் சார். அதுக்குத்தான் கதவைச் சாத்துனோம்.”

சொம்பை எடுத்து மண்ணில் கவிழ்த்தாள்.

“அதாவே இருந்திருக்கலாம்.”